தலைக்கட்டு இல்லாதவன்

இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளுவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தன் வீட்டு நடைபாதையைச் சுத்தமாக வழித்துக்கொண்டே வருவார். என் வீட்டு எல்லை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார். கயிறு பிடித்து வெட்டிய வரப்பு மாதிரி அந்த இடத்தில் பனி நிற்கும். கனடாவின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்த புதிதில், குனிந்தது குனிந்தாயிற்று, இன்னும் நாலு எட்டுத்தானே என்று அவருடைய பாதையையும் சேர்த்து வழித்துவிட்டேன். சற்று நேரத்தில் மனிதர் கதவைத் தட்டினார். "நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? பனியை அள்ளவில்லை என்று நகராட்சியில் புகார் கொடுத்திருக்கிறீர்களா?" என்றார். சும்மா ஒரு உதவி என்றேன். நம்பவில்லை. மறுநாள் ஒரு கேக்கைக் கொண்டுவந்து கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். எனக்குச் சமூகவியல் பேராசிரியர் என்று பெயர். அடுத்த வீட்டுக்காரரோடு பழகத் தெரியவில்லை.

நான் போடிக்குப் பக்கத்தில் சிலமலைக்காரன். போடியில் பஸ் ஏறி மதுரைக்குப் படிக்கப் போனவன், உதவித்தொகை கிடைத்து எழுபதுகளின் தொடக்கத்தில் மனைவியோடு கனடாவுக்கு வந்து சேர்ந்தேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்த் தலைக்கட்டு முறையைத்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஊருக்கு ஒரு தலைக்கட்டு. கோயில் பொங்கலுக்கு வரி கொடுப்பான், சாவு விழுந்தால் தோள் கொடுப்பான், ஊர்க்கூட்டத்தில் அவன் பேச்சு ஏறும். சாமிக்கு வெட்டிய கிடாயின் கறியைத் தலைக்கட்டுக்கு ஒரு கூறாக இலையில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஏலக்காட்டு வேலைக்குப் போய் மாதக்கணக்கில் மலையிலேயே கிடப்பவனுக்கும் கூறு உண்டு. ஊரில் இல்லாதவனும் ஊர்க்காரன்தான் என்பது என் ஆய்வின் முடிவு. பாராட்டித்தான் பட்டம் கொடுத்தார்கள்.

பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திலேயே தற்காலிக வேலையும் கிடைத்தது. வருடங்கள் ஓடின, அது நிரந்தரமாகவில்லை. துறைக் கூட்டங்களில் எனக்கு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. எண்பதுகளில் ஒருநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். நல்ல மனிதர். "உங்கள் ஊரைப் பற்றிய பாடத்தில் மாணவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது" என்றார். சரி, இங்குள்ள கோதுமை விவசாயிகளை ஆராய்கிறேன் என்றேன். "அது உங்கள் துறை இல்லையே!" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். என் ஊர்க்காரர்களை யார் வேண்டுமானாலும் வந்து ஆராயலாம். நான் மட்டும் என் ஊரைத் தாண்டக் கூடாது. ஏப்ரலோடு வேலை முடிந்தது. "ஊருக்கே போயிருவோம்ங்க, மதுரைப் பக்கம் ஒரு காலேஜுல எடம் கெடைக்காதா?" என்றாள் மனைவி. அதை அண்ணனிடம் பேசி முடிவுசெய்யத்தான் அந்த ஆண்டு வைகாசிப் பொங்கலுக்குத் தனியாகப் புறப்பட்டுப் போனேன்.

அண்ணன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. பொங்கலுக்காக ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். மேல்சட்டையில் ஏலக்காய் வாசம் அப்படியே இருந்தது. கோயில் வாசலில் தேக்கிலைகளில் கறி கூறு போட்டிருந்தது. பெயர்களைக் கூப்பிட்டவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பரமன். அண்ணன் பெயருக்கு அடுத்து என் பெயர்தான் வரவேண்டும். வரவில்லை. தவறிப்போயிருக்கும் என்று நின்றேன். கடைசி இலையும் எடுத்தாயிற்று.

"என்ன மாப்ளே, என் பேர விட்டுட்ட?" என்றேன், விளையாட்டாகக் கேட்பது போல.

"ஒன் பேரா? அத எடுத்து நாளாச்சே! நீ அங்கன வீடு வாசல்னு ஆகிட்டேல்ல. ரெண்டு ஊர்ல ஒருத்தனுக்குத் தலைக்கட்டு இருக்கலாமா? அந்த ஊர்க்காரன் கோவிச்சுக்கிற மாட்டான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மலைக்குப் போனவுகளுக்கெல்லாம் வச்சிருக்கீகளேப்பா" என்றேன்.

"அவுக எறங்கி வர்றவுக மாப்ளே."

அவன் குத்திக்காட்டவில்லை. என்னை நினைத்து அவனுக்குப் பெருமைதான். அந்த ஊரிலும் எனக்குக் கூறு இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் என் தோளில் கை போட்டு, "சாரமில்ல, பரவாயில்ல, வாடா. எங் கூறுல ஒனக்கில்லாததா?" என்று மலையில் பழகிய மலையாளத்தையும் கலந்து தேற்றினார். வீட்டுக்கு நடக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணே, பேசாம இங்கயே வந்துரலாம்னு பாக்குறேன்."

நின்றுவிட்டார். "கிறுக்குப் பயலே! ஒன்னயக் காட்டித்தானடா எம் பயகள ரெண்டு பேரையும் படிக்க வைக்கிறேன். சித்தப்பன் மாதிரி வரணும்னு சொல்லிச் சொல்லி வளக்குறேன். நீ போயி இங்க என்ன சோலி பாக்கப் போற?"

வேலை போனதை இன்றுவரை அண்ணனிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து இந்த நகரத்துக் கல்லூரியில், ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்தால்தான் உண்டு என்கிற வேலையில் சேர்ந்தேன். இப்போதும் தலைக்கட்டுப் பாடம் நடத்துகிறேன். ஊரில் இல்லாதவனும் ஊர்க்காரன்தான் என்று கரும்பலகையில் எழுதும்போது மாணவர்கள் பக்கம் திரும்புவதில்லை. பொய் சொல்லிப் பிழைக்கிறோம் என்று வெறுப்பாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பொங்கலன்று மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டு ஆண்கள் உட்காருவார்கள். அண்ணனும் நானும் கடைசிப் பந்தியில் சட்டி வழித்துத் தின்று வளர்ந்தவர்கள். அன்று மதினி கூடத்தில் எனக்கு மட்டும் முதலில் இலை போட்டார். "அண்ணனோட சேந்து உக்காந்துக்கிறேன் மதினி" என்றேன். "அதெப்படி, ஒங்களக் காக்க வைக்கிறதா?" என்றார். அண்ணன் நின்றுகொண்டே பரிமாறினார். ஈரலாகத் தேடி எடுத்து வைத்து, "நல்லாச் சாப்பிடுறா, அங்கன போனா இதெல்லாம் எங்க கெடைக்கும்" என்றார். சாப்பிட்டு முடித்துப் பழைய பழக்கத்தில் எச்சில் இலையைக் கையில் எடுத்தேன். "அய்யய்யோ, நீங்க எடுக்காதீங்க!" என்று மதினி ஓடிவந்தார். மறுபடி உட்கார்ந்தேன். உறவு விட்டுப்போகக் கூடாது என்றால் விருந்தாளி இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். நான் பிறந்த வீட்டில், என் பக்கமாக மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.