தேங்காயும் எலுமிச்சையும் விழுந்த வேகம்

மாலை நாலு இருபதுக்கு முற்றத்தில் தொப்பென்று சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஒரு தேங்காயும் ஒரு எலுமிச்சையும் கிடந்தன. மொட்டைமாடி ஓரத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று காலை அவள் பாடம் படிக்கும்போது, கனமான தேங்காய்தான் முதலில் விழும் என்று அடித்துச் சொன்னவன் நான்.

"ரெண்டும் ஒண்ணாதான் விழுந்துச்சுப்பா! பூமி தேங்காய அதிகமா இழுக்கு. ஆனா அத நகத்தவும் அதிக பலம் வேணும்லா?"

தொட்டியைச் சுற்றிக் கைப்பிடி கிடையாது. எனக்கு உயரம் என்றாலே பயம். ஆனாலும் அவளை இறக்கியே தீருவது என்று மாடிக்கு ஓடி, தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினேன். பாதியில் கீழே பார்த்துவிட்டேன். அதற்குமேல் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அவள் இறங்க இருந்த ஒரே வழியை நானே அடைத்துக்கொண்டு நின்றேன். கம்பியை மட்டும் விடவில்லை.

என் மனைவி போன் செய்ததும், எங்களுக்குத் தேங்காய் பறிப்பவர் வந்து சேர்ந்தார். எனக்குப் பின்னால் ஏறி முதுகில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, பிள்ள நல்லா தைரியமா நிக்கா. நீங்கதான் வழிய விடணும். வலது கால பைய கீழ வைங்க."