லோடு ஆட்டோவில் போன தாம்பத்தியம்

பள்ளிப் படிப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். இந்த விஷயத்தை எழுத எனக்கு என்ன தகுதி? மன்னித்துவிடுங்கள். எழுதலாமா என்று என் மனைவி கலாவிடம் கேட்டேன். "எழுது. ஆனா பொய் கலக்காத" என்றாள்.

விஷயம் இதுதான். போன மாதம் நாங்கள் ஒரு செக்ஸ் தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போனோம்... ஆம், நீங்கள் படித்தது சரிதான்.

கலாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்களுக்குள் ஒன்றும் இல்லை. சண்டைகூட இல்லை. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். கன்டெய்னரை அங்குலம் பிசகாமல் இறக்கிவிடுவேன். பக்கத்தில் படுத்திருப்பவள் தோளில் கை வைக்க மட்டும் தைரியம் வரவில்லை.

டாக்டரைத் தேடுவது கஷ்டமா? திருவொற்றியூர் சுவரெல்லாம் டாக்டர்தான் — லேகியம், லாட்ஜ் பெயர், ரூம் நம்பர் சகிதம். அங்கே போக பயம். தெருமுனை டாக்டரிடம் போனேன். "என்ன பிரச்சினை?" என்றார். "முதுகுவலி" என்றேன். களிம்பு கொடுத்தார். போகும்போதெல்லாம் இதே கதை. வீட்டில் களிம்பு சேர்ந்துகொண்டே போனது; என் முதுகுவலி தெருவுக்கே தெரிந்துபோனது.

கடைசியில் அவரே கதவைச் சாத்திவிட்டு, "முதுகுல ஒண்ணுமில்ல. வேற என்ன?" என்றார். சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். நுங்கம்பாக்கத்தில் இதற்கென்றே படித்த ஒரு பெண் டாக்டர் இருப்பதாகச் சொன்னார். "ரெண்டு பேரும் சேர்ந்து போங்க."

கலா யோசித்தாள். "ஒரு தபா வரேன்யா. அங்க ஏதாச்சும் அசிங்கமாச்சு, அப்புறம் சாவற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

கிளம்பும் நாள் காலையில்தான் வினை வந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் — ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக விடமாட்டார்கள். எதிர்வீட்டு எலிசா அக்கா மீன் விற்கிறவர். எங்களைப் பார்த்ததும், "காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?" என்றார்.

"நுங்கம்பாக்கம்... டாக்டர்கிட்ட..."

"முதுகுவலிக்கு நுங்கம்பாக்கமா? இன்னாத்தையோ மறைக்கிற, சேகரு!"

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு பாஷா பாய் தன் லோடு ஆட்டோவை எடுத்தார். ஃபிளாஸ்க் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க ஒரு கோரைப்பாய் வந்தது. அக்காவின் மருமகன்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இவங்க எதுக்குக்கா?"

"ரத்தம் கேட்டா நம்ம ஆளு நிக்க வாணாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது.

கிளினிக்கில் ஏசி. சோபா. மெல்லிய இசை. நடுவில் நாங்கள், சுருட்டிய பாயோடு. வரவேற்பில் இருந்த பெண் மிரண்டு போய், "பேஷன்ட் யாரு?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"கப்பிள் மட்டும்தான் உள்ள போகணும்."

"நாங்கல்லாம் ஒரே வூடு மாதிரிம்மா. எங்களுக்குத் தெரியாம இவங்களுக்கு இன்னா கீது?" என்றார் அக்கா.

கலா என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். இறங்கிவிட்டால் முடிந்தது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

"அக்கா!" கிரேன் மேலிருந்து கத்துகிற குரல் வந்துவிட்டது. "முதுகுவலி இல்லக்கா. இது எனக்கும் கலாவுக்கும் நடுவுல இருக்கற விஷயம். நீங்க வர முடியாது."

அக்கா முதன்முறையாகச் சுவரில் இருந்த பலகையை நிதானமாகப் படித்தார். பாலியல் ஆலோசனை, தம்பதியருக்கு.

"அப்ப ரத்தம் வாணாமா அத்தை?" என்றான் பெரிய மருமகன்.

"வாயை மூட்றா." அக்கா பாயைத் தூக்கிக்கொண்டார். கலாவின் கன்னத்தைத் தொட்டு, "போம்மா. நாங்க கீழ டீ குடிச்சிகினு இருக்கோம்" என்றார்.

கலா உள்ளே வந்தாள்.

உள்ளே என்ன மந்திரம் நடந்தது? ஒன்றும் இல்லை. டாக்டர் கேட்டார், நாங்கள் சொன்னோம். அவளுக்கு வலிக்கும் என்று நான் தள்ளிப் படுத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவள் தள்ளிப் படுத்திருக்கிறாள். கலா அழுதாள். நான் காலண்டரைத் தேடினேன் — அந்த அறையில் இல்லை. அவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டர் கலாவுக்குச் சில பரிசோதனைகள் எழுதித் தந்தார். "இப்போதைக்கு வேற எந்த முயற்சியும் வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. அடுத்த மாசம் வாங்க."

கதவைச் சாத்துவதா? எங்கள் தெருவிலா? பகலில் கதவைச் சாத்தினால் உடைக்கவே வந்துவிடுவார்களே!

அதே வண்டியில் திரும்பினோம். ராயபுரம் சிக்னலில் பாஷா பாய் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "சேகரு... அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை இருப்பாங்களா?"

ஊரே துணைக்கு வருகிற ஊரில், ஆளாளுக்கு ஒரு முதுகுவலியைத் தனியாகத்தான் சுமக்கிறோம் போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். எலிசா அக்கா, தெம்புக்கு என்று நண்டு ரசம் கொண்டுவந்து தட்டினார். திறக்கவில்லை. ரசம் வாசலிலேயே ஆறிப்போனது.