ஈரல் சாப்பிட்ட மறுநாள்: குடவாசலுக்கு இரண்டு நடை

வீட்டுக்கு ஒருவர் துபாய்க்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசியில், தஞ்சாவூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சேகரித்து வரச் சொன்னார்கள். சாப்பாட்டில் பி வைட்டமின் போதுமான அளவு இருந்தால் மிச்சம் சிறுநீரில் இறங்கும். போதாவிட்டால் அதிலும் குறையும். குறைந்தவர்களுக்குப் பிரசவம் வரை மாத்திரையும் டாக்டர் கவனிப்பும் இலவசம். இதுபோன்ற வேலையாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோயில் பார்க்கப் போகிறவர்கள் மன்னிக்கவும்.

காலை 4.20-க்கு பஸ். கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய், ஒன்றரை மணி நேரம். அங்கே பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு குடவாசல் பஸ் ஏறினேன்.

"என்னம்மா, பெட்டியில மீனா? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"இப்ப வெறும் ஐஸுதாங்க. திரும்பி வர்றப்பதான் மூத்திரம்."

"அய்யய்யோ! அப்ப வேற வண்டியில வாங்கம்மா!"

லக்கேஜ் இரண்டு ரூபாயை மட்டும் விடவில்லை, மகராசன்.

கிராமத்து நர்ஸ் முந்தின நாளே பாட்டில்களைக் கொடுத்து, நான் வரும் தேதியையும் சொல்லி வைத்திருந்தார். எல்லோரும் தயாராக இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெய்னம்பு, ஆறு மாதம், கணவர் துபாயில். வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, நாக்கு சிவந்துகிடந்தது. இவளுக்கு மாத்திரை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சோதனையில் அவளுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்! கருவியைத் திட்டினேன். இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். பட்டியலில் அவள் பெயர் விழாது.

மனசு ஒப்பவில்லை. ஒன்பதாம் நாள், யாருக்கும் சொல்லாமல், அதே பஸ்ஸில் போய் இறங்கினேன். ஜெய்னம்பு வாசலுக்கு வந்து விழித்தாள்.

"போன தடவை முந்தின நாள் என்னம்மா சாப்பிட்டே?"

"ஆள் வர்றாங்கன்னு மாமியாரு ஈரல் வாங்கி ஆக்கித் தந்தாங்க. ரெண்டு முட்டை வேற. தெருவுல எல்லார் வீட்டுலயும் அப்படித்தாங்க்கா."

"மத்த நாள்ல?"

"சோறு, ரசம். துபாய்லேர்ந்து அவங்க அனுப்புறது பூரா மாடி கட்டப் போவுது." தலையைக் குனிந்துகொண்டாள். "துபாய்க்காரர் பொண்டாட்டிக்குச் சத்து இல்லேன்னா அவங்களுக்குத்தானே கேவலம்?"

சிறுநீர் சொல்வது நேற்றைய சாப்பாட்டை மட்டும். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் இல்லாததையும் ஆக்கி இறக்குகிற ஊரில், தேதி சொல்லிவிட்டுப் போனது நாங்கள். அவள் மேல் என்ன தப்பு?

ஆகவே, போகிறவர்களே, மாதத்தைச் சொல்லுங்கள், தேதியைச் சொல்லாதீர்கள். வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடச் சொல்லுங்கள். பாட்டிலைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றுங்கள், வெளிச்சம் பட்டால் இந்த வைட்டமின் கெட்டுவிடும். ஒருநாள் கணக்கை நம்பி யாரையும் கழித்துவிடாதீர்கள். முக்கியமாக, பாட்டிலில் நம்பர் மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

அதைத்தான் ஜெய்னம்புவிடமும் சொன்னேன். "நம்பர்தான் போவும். துபாய்க்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது."

பாட்டிலை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்து, அவளே ஐஸில் வைத்து மூடினாள்.

"நேத்து ரசந்தாங்க்கா. உள்ளபடியே எழுதுங்க. வயித்துல இருக்குறது மாடியையா திங்கும்?"