வலது சுருளுக்குள் ஒரு பனை

எங்கள் கோயில் சின்னது. உள்ளே ஆட்கள் இருக்கப் பத்து வாங்கு போட்டால் நடக்க இடமிருக்காது. ஆனால் முகப்பைப் பார்த்தால் ஏதோ அரண்மனை என்று நினைப்பீர்கள். பறங்கியர் காலத்துப் பாணியாம்: நடுவில் உயர்ந்த சுவர், உச்சியில் சிலுவை, இரண்டு பக்கமும் ஆட்டுக்கடாக் கொம்புபோல் வளைந்திறங்கும் சுண்ணாம்புச் சுருள். முன்னால் ஒடுங்கிய வீதி, அடுத்தது கடல். வீதியில் நின்று அண்ணாந்தால் கழுத்துத்தான் நோகும். கடலில் இருந்து பார்த்தால்தான் முழு வடிவும் தெரியும்.

எனக்கு அது வடிவுக்கு அல்ல, பிழைப்புக்கு. கோயிலுக்குப் பின்னால் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. அதன் ஓலை வட்டு முகப்பின் வலது சுருளுக்குள் வந்து குந்தினால், என் வள்ளத்துக்குக் கீழே கல்லுப்பார். விளைமீன் கிடக்கும் பாறைத்திட்டு. கொஞ்சம் விலகினாலும் பனை சுருளை விட்டுத் தள்ளிப் போய்விடும். தூரத்துக்கு இன்னொரு குறியும் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். என் இரண்டு பெண்பிள்ளைகளும் படித்தது அந்தப் பாரால்தான். போனில் இடத்தைக் குறித்து வை என்று சிலர் சொல்வார்கள். ஏன், போனைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தெரியாதா?

போன வருசம் பாரில் மீன் குறைந்தது. எவனோ களவாக வந்து போகிறான். ஊரில் ஒருவரையும் நான் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து முகப்புச் சுவர் வெடிப்பு விட்டது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்ட யாழ்ப்பாணத்திலிருந்து கட்டடக்கலை படித்த ஒரு பிள்ளை வந்தாள். பிரிக்க முன்னம் முகப்பை முழுதாகப் படமாய்க் கீற வேண்டுமாம். பங்குச் சுவாமியார் என் வள்ளத்தைக் காட்டிவிட்டார்.

"கடலிலை எவ்விடத்திலை நிண்டா வடிவாத் தெரியும், அண்ணை?" என்றாள்.

உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா? கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த என் மச்சான், மனைவியின் தம்பி, எழும்பி வந்து காதுக்குள் சொன்னான்: "கவனம் அத்தான். படிச்சதுகள் சிரிச்சுச் சிரிச்சே வாயைக் கிண்டுங்கள்."

நானா விடுவேன்? பாரை விட்டு எட்டவே வள்ளத்தை நிறுத்தினேன். பனை சுருளை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது.

"இதுதான் நல்ல இடமோ, அண்ணை?"

"ஓம் பிள்ளை. நான் ஏன் பொய் சொல்லுறன்?"

அவள் குனிந்து கீறினாள். தண்ணீரை ஒரு தரமாவது எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிறு பூசை முடிய, கோயில் கதவில் படம் தொங்கியது. ஊரே கூடிவிட்டது. வளைவு, வெடிப்பு, உடைந்த சிலுவைக் கை, எல்லாம் அச்சு அசல். பின்னால் பனைகூட இருந்தது, சுருளை விட்டுத் தள்ளி. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பாவம், நல்ல பிள்ளைதான் என்று அப்போதுதான் மனம் வந்தது.

மச்சான் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். தலையைச் சரித்து வடிவாகப் பார்த்தான்.

"எல்லாம் சரி, தங்கச்சி. பனைதான் பிழை. கடலுக்கை இருந்து பாத்தா அது இந்த வலது சுருளுக்கை வந்தெல்லோ நிக்கும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மச்சானின் விரல் படத்திலேயே நின்றுவிட்டது.

"கடலுக்கை எவ்விடத்திலை இருந்து பாத்தா, மச்சான்?" என்று கேட்டேன்.