பந்தடிக்கும் நேரத்து அமைதி

மலேசியாவில் புக்கிட் பெருந்துங் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோல்ஃப் கிளப்பில், ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கும் கேடியாக ஹியூபர்ட் சேர்ந்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. முடியும் போனது, கேடி வேலையும் போனது. ஆட்டக்காரர்கள் பக்கி வண்டியில் ஏறி உட்கார்ந்து போக ஆரம்பித்த பிறகு பை தூக்க ஆள் எதற்கு? ஆனாலும் கிளப் அவரைக் கைவிட்டுவிடவில்லை. பக்கிகளைக் கழுவி, மின்சாரம் ஏற்றி, வரிசையாக நிறுத்தும் வேலையைக் கொடுத்து வைத்துக்கொண்டது.

தோளில் பை இருந்த காலத்தில் அவர் முக்கியமாகக் கற்றுக்கொண்டது சும்மா நிற்பதைத்தான். ஒருவர் பந்துக்கு முன்னால் காலை அகட்டி நின்றுவிட்டால், சுற்றி நிற்பவர்கள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும். பேசக் கூடாது. பையில் இருக்கும் மட்டைகள் உரசக் கூடாது. நம் நிழல் அவர் பந்து போகிற வழியில் விழக் கூடாது. ஒருமுறை, ஒரு பேங்க் பெரியவர் மட்டையை ஓங்கிய நேரம் பார்த்து ஹியூபர்ட்டுக்கு இருமல் வந்து தொலைத்தது. பந்து குளத்துக்குள் போய்விட்டது. பெரியவர் திட்டவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அன்று முதல் ஹியூபர்ட் இருமலையும் தும்மலையும் விழுங்கிப் பழகிவிட்டார். வீட்டில் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் ஓடுவார்.

“இங்க யாருங்க பந்தடிக்கிறா? நல்லா தும்மித் தொலைங்களேன்” என்பாள் மனைவி டொரீன்.

இதில் அவமானப்பட்டுக் கிடந்த மனிதர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். அவருக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணையை உயர்த்தும்போது கோயிலே அடங்கிப் போகும். அது ஆண்டவருக்காக. இங்கேயோ, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, வெற்றிலைக்கடைக்காரர்கூட மதிக்காத மூஞ்சியோடு நிற்கும் ஆளுக்கும் அதே அமைதி கிடைத்தது. மந்திரியானாலும் மருந்துக்கடை முதலாளியானாலும் அந்த நேரத்தில் வாய் மூடித்தான் ஆக வேண்டும். நமக்காக ஒருமுறை, ஒரே ஒருமுறை, நாலு பேர் இப்படி வாய் மூடி நிற்க மாட்டார்களா? இதுதான் ஹியூபர்ட்டின் ஆசை. ஜெயிக்க வேண்டும், கோப்பை வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. எஸ்டேட்டில் விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற அப்பாவுக்கும் அது கிடைத்ததில்லை, வாயாடிக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த இவருக்கும் கிடைத்ததில்லை. கேடிகள் திடலில் ஆடுவதற்கு அந்தக் கிளப்பில் அனுமதியும் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பழைய மட்டையால் தட்டிப் பார்ப்பதோடு சரி. அங்கே அமைதி ஏராளமாக இருந்தது, ஆனால் ஆள் இல்லாத அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கிடையில் கிளப்புக்கு வரத்துக் குறைந்துவிட்டது. பழைய மெம்பர்களுக்கு முழங்கால் போய்விட்டது. இளசுகளோ, கொலர் வைத்த சட்டை, அதையும் உள்ளே விட்டுக் கட்ட வேண்டும், ஆட்டத் தகுதிக்குச் சான்று வேண்டும் என்று கேட்டதுமே வந்த வழியே திரும்பிப் போனார்கள். கடைசியில் கமிட்டிக்குப் புத்தி வந்தது. எந்தச் சட்டையும் போடலாம். பதினெட்டுக் குழி ஆட வேண்டாம், ஆறு போதும். பாட்டு வைக்கலாம், அரட்டை அடிக்கலாம், தப்பாக அடித்தால் இன்னொரு பந்து அடிக்கலாம். சாயங்காலங்களில் வேலையாட்களும் குடும்பத்தோடு ஆடலாம். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஹியூபர்ட் அறிவிப்புப் பலகையில் அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கொலர் சட்டையை இஸ்திரி போட்டார்.

மகள் ஷெல்லி ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் யுவனேஸ்வரனையும் விஷாலினியையும் அழைத்து வந்தாள். மூவரும் வட்டக் கழுத்துப் பனியனில் வந்து இறங்கினார்கள். யுவனேஸ்வரன் கையில் தேங்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர்.

“அப்பா, கல்யாணத்துக்கா போறீங்க?” என்று ஷெல்லி சிரித்தாள்.

முதல் குழியில் ஹியூபர்ட் பந்தை வைத்தார், காலை அகட்டினார், காத்திருந்தார். ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. விஷாலினி யாரோ மேனேஜரைப் பற்றிச் சொல்ல, மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹியூபர்ட் பழைய மெம்பர்கள் செய்வதுபோல ஓரடி பின்வாங்கி நிமிர்ந்து பார்த்தார்.

“என்னா அங்கிள், இடுப்பு புடிச்சிக்கிச்சா? மெதுவா அடிங்க லா, அவசரமில்ல” என்றான் யுவனேஸ்வரன். பையன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான்.

பேசாமல் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் அது அந்த அமைதி இல்லையே. பாட்டின் நடுவிலேயே அடித்தார். பந்து உருண்டு புல்லுக்குள் போனது. மூவரும் கைதட்டினார்கள். “இன்னொன்னு அடிங்கப்பா, கணக்கில்ல” என்று ஷெல்லி வேறு பந்தைக் கொடுத்தாள். அவர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். விதி கெடுபிடியாக இருந்தவரை இவரை உள்ளே விடவில்லை. உள்ளே விட்டபோது, இவர் ஆசைப்பட்டதை வெளியே அனுப்பிவிட்டார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

ஆறாவது குழிக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அதுதான் கடைசிக் குழி. ஹியூபர்ட்டின் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அவர் குனிந்தார். அந்த நேரம் மேட்டுக்கு அப்பால் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துச் சூராவில் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. யுவனேஸ்வரன் யோசிக்காமலே ஸ்பீக்கரை அணைத்தான். பேச்சும் தானாக நின்றது. பிறந்ததிலிருந்து இங்கே எல்லாரும் செய்வதுதான். ஹியூபர்ட்டும் நிமிர்ந்து நின்றார். இந்த அமைதி தனக்கு இல்லை என்று தெரியாதா? அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

பாங்கு முடிந்தது. அவர் மறுபடியும் குனிந்தார். யுவனேஸ்வரனின் விரல் ஸ்பீக்கர் பொத்தானுக்குப் போனது. குனிந்து நிற்கும் மனிதரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. விஷாலினி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். ஷெல்லி தண்ணீர்ப் போத்தலை மூடாமல் கையில் பிடித்தபடி அப்பாவையே பார்த்தாள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் ஹியூபர்ட் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்த அமைதி இப்போது அவரைச் சுற்றி நின்றது. ஒரு முழத் தூரம், சின்னப் பிள்ளைகூடத் தள்ளிவிடும். தட்டினால் பந்து விழும், கைதட்டுவார்கள், பாட்டு தொடங்கிவிடும்.

அவர் தட்டாமல் நின்றார்.