பதினாறு பல்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெரு இளைஞர்கள் மலையைச் சுற்றி சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்ப வேண்டும். குறைந்த நேரத்தில் வலம் முடிப்பவருக்கு ஒரு எவர்சில்வர் குடம். தினம் ஓட்டுகிற சைக்கிள் அப்படியே வர வேண்டும். எதையும் கழற்றக்கூடாது, மாற்றக்கூடாது. விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று, சைக்கிள்களைச் சோதிக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

கீழ்பென்னாத்தூர் பால்காரர் முதலில் வந்தார்.

"அண்ணே, கேன் வைக்கிற கேரியரு. கனம் ஜாஸ்தி. கழட்டிடட்டுங்களா?"

"கூடாதுப்பா. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"அவங்க கேரியரு அப்பளம், என்னுது அம்மிக்கல்லு. ரெண்டும் ஒண்ணாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் அப்படியே கிளம்பினார்.

கடைசியாக என் மனைவியின் தம்பி. பின்சக்கரத்தைத் தூக்கி மிதியை ஒரு சுற்றுச் சுற்றினேன். மற்ற வண்டிகளைவிடச் சக்கரம் அதிகமாக ஓடியது. பின்சக்கரத்தில் சங்கிலி ஓடுகிற ஃப்ரீவீலின் பற்களை விரலால் எண்ணினேன். எல்லோருக்கும் பதினெட்டு, இவனுக்குப் பதினாறு. பல் குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி கூடுதல் தூரம் போகும்.

"எப்படா மாத்தினே?"

"மெதுவா பேசுங்க மாமா. போன வாரம்தான். யாரு எண்ணப் போறா? நான் ஜெயிக்கணும்னு அக்கா விளக்கேத்தி வெச்சிருக்குது."

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தூக்கிப் பிடித்திருந்த சக்கரத்தைக் கீழே இறக்கிவிட்டேன். போய்விட்டான்.

அதன் பிறகு முக்கால் மணி நேரம் நான் பட்ட பாடு அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். மலையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கும்பிடவும் கை எழவில்லை. கீழே விழாமல் வரட்டும் என்று ஒரு மனசு, தோற்று வரட்டும் என்று ஒரு மனசு.

வந்தான். பால்காரரைவிட அரை நிமிடம் கம்மி. மாலையை எடுத்தார்கள்.

"போடாதீங்க," என்றேன். "அவன் சைக்கிள்ல பதினாறு பல்லு. நான் பாத்துட்டுதான் விட்டேன்."

மைத்துனன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், திரும்பிப் பார்க்கவில்லை. மாலை பால்காரர் கழுத்துக்குப் போயிற்று. அவர் என்னிடம் வந்தார்.

"என் கேரியரு மட்டும் அப்பவே கண்ணுல பட்டுச்சுங்களா அண்ணே?"

குடத்தை அந்தக் கேரியரிலேயே கட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, தம்பி ஜெயிச்சானா?" என்றாள் மனைவி.

கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனேன்.