கை நீட்டாத பள்ளிக்கூடம்

தங்கச்சி ராக்கம்மாள் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகள் விஜியைப் பள்ளிக்கூடம் மாற்றியது தங்கையாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. அப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் ஒருத்தன் மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமந்துகொண்டு உயிரோடுதானே இருந்தான்?

அரசாங்கப் பள்ளியில் கமலாக்ஷி டீச்சர் பிரம்பால் விளாசுவாள். விளாசிவிட்டு, மத்தியானக் கஞ்சிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளவும் செய்வாள். ஒருநாள் விஜியின் உள்ளங்கை வெடித்து ரத்தம் வந்துவிட்டது. முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டும் ராக்கம்மாள், விளக்குமாற்றைக்கூடக் கீழே வைக்காமல் வகுப்புக்குள் போய் டீச்சரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். மகளை இழுத்துப் போய் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாள். தொண்ணூற்று நான்கில் நடந்தது இது. அங்கே பிள்ளைகள்மேல் யாரும் கை வைப்பதில்லை. தினமும் சாயங்காலம் மகளின் கைகளைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கீறல் இருக்காது. அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஒரு மழைநாளில் தங்கையா குடையோடு பள்ளி வாசலுக்குப் போனான். பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்தன. விஜி மட்டும் தனியாக வந்தாள். காரணத்தை வாட்ச்மேன்தான் சொன்னான். தமிழோ மலையாளமோ வாயில் வந்துவிட்டால், அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளையோடு வகுப்பில் ஒருத்தரும் பேசக்கூடாது. விஜிக்கு வாராவாரம் அதுதானாம்.

தங்கையா நேராகத் தங்கச்சியிடம் போய்க் கத்தினான்.

“அடிக்கலேல்ல?” என்றாள் அவள். “நான் தெருக் கூட்டையிலே என்கிட்ட எவன் மிண்டுறான், எவன் முகங்குடுத்துப் பேசுறான் அண்ணே? நான் என்ன செத்தா போயிட்டேன்?”



தப்பாக ஏதாவது வந்துவிடுமோ என்று பள்ளியில் வாயை மூடிக்கொண்ட பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலும் மூடிக்கொண்டாள். பாஸானாள், எறணாகுளத்தில் ஜவுளிக்கடை வேலைக்கும் போனாள். அம்மா எதைக் கேட்டாலும் ஒரு ‘உம்’. பிறகு அதுவும் இல்லை.

பள்ளிக்கூடம் மாற்றிப் பன்னிரண்டு வருஷம் கழித்து ராக்கம்மாள் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விஜி கஞ்சி புகட்டினாள், துணி மாற்றினாள், ஒரு குறையும் வைக்கவில்லை. வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. ராக்கம்மாள் மகளின் வாயையே பார்த்துக் கிடப்பாள். ஒரு தடவை அம்மான்னு கூப்பிடேன்டி என்று தங்கையா கெஞ்சினான். விஜியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்து ராக்கம்மாள் அண்ணனைக் கிட்டே வரச் சொன்னாள். அவள் அவனிடம் கேட்டது அதுதான் கடைசி.

“அவளைத் திட்டாதே அண்ணே. பதிலு வரலேன்னு விட்டுடவும் செய்யாதே. நித்தமும் போயி அவகிட்ட ஏதாச்சும் பேசிட்டு வா.”